தாழ்ப்பாள் போட்ட வியன்னாக்காரர்

2010 ஜூன் 16. கொல்கத்தாவில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள அறையில் ஒரே டிவியைச் சுற்றி முப்பது பேர். உலகக் கோப்பை வந்துவிட்டால் இந்த ஊர் எப்படி மாறும் என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதித் தெருவில் பிரேசிலின் மஞ்சள் கொடி, மீதித் தெருவில் அர்ஜென்டினாவின் வெள்ளை நீலம். கிரிக்கெட்டே கதி என்று வளர்ந்த என்னைப் போன்ற தமிழனும் நாலு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் அடுத்த நாள் டீக்கடையில் பேச ஆள் கிடைக்காது :-)

அன்றைக்கு ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும் மோதின. ஸ்பெயின்காரர்கள் பந்தை எடுத்துவைத்துக்கொண்டு தையல்காரர் ஊசி ஓட்டுவது மாதிரி பாஸ் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சுவிஸ்காரர்களோ தங்கள் கோலுக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றதோடு சரி. 52ஆவது நிமிடம். பின்னாலிருந்து நீளமாக ஒரு பந்து, ஒரு ஓட்டம், கோல் கீப்பரோடு ஒரு மோதல், தடுமாறிக் கிடந்த பந்தை கெல்சன் பெர்னாண்டஸ் உள்ளே தள்ளிவிட்டார். 1-0. கடைசிவரை அதுதான் ஸ்கோர்.

மூன்றாம் மாடி தாதா எழுந்து நின்று கத்தினார், இது ஃபுட்பாலே இல்லையாம், செங்கல் சூளையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது, காதோடு கேட்டான்: "ஏம்பா, எல்லாரும் பின்னாடியே நின்னு ஜெயிக்கறது கோழைத்தனமா?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே இருந்தது. தேடிப் படித்தபோது தெரிந்தது, இந்த ஆட்டமுறைக்குப் பெயர் வைத்த நாடே சுவிட்சர்லாந்துதான். அதைச் செய்தவர் சுவிஸ்காரரும் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன ஒரு வியன்னாக்காரர். பெயர் கார்ல் ராப்பன்.

ராப்பன் 1905இல் வியன்னாவில் பிறந்தவர். அந்தக் காலத்து வியன்னா கால்பந்துக்கு நம்மூர் மயிலாப்பூர் சங்கீத சபா மாதிரி. காபிக் கடைகளில் உட்கார்ந்து ஒரு பாஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். தரையோடு தரையாகச் சின்னச் சின்ன பாஸ், அழகு, நளினம். அங்கே ராப்பிட் அணியில் விளையாடிய ராப்பன், 1932இல் ஜெனீவாவின் செர்வெட் கிளப்புக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் போய்ச் சேர்ந்தார். பிறகு 1935இல் ஜூரிக்கின் கிராஸ்ஹாப்பர்ஸ்.

போன இடத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது. வியன்னாவில் தெருவுக்கு நாலு கலைஞன் இருப்பான். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேறு வேலை, பந்து அதற்கப்புறம்தான். முழுநேரத் தொழிலாக ஆடுகிறவர்களோடு மோதினால் காலிலும் ஈடுகொடுக்க முடியாது, மூச்சிலும் ஈடுகொடுக்க முடியாது. பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு அணியை இரண்டு விதமாக அமைக்கலாம். பிரேசில் மாதிரி பதினோரு பேருமே அசகாய சூரர்களாக இருந்தால் அவர்களை ஆடவிட்டுவிட்டால் போதும். சுமாரான பதினோரு பேர்தான் கையில் இருந்தால் அவர்களை ஒரு திட்டத்துக்குள் கட்டிப்போட வேண்டும். சுவிஸ்காரர்கள் பிறவிக் கலைஞர்கள் அல்ல, ஆனால் நிதானமானவர்கள், யோசித்துக் கணக்குப் போடச் சொன்னால் போடுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

அந்தக் கணக்கு என்ன? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆட்டம் பிடிக்காதவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

அன்றைக்குப் பழைய பாணி அணி என்றால் பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியதும் இந்த இரண்டு பேக் போதவில்லை. இங்கிலாந்தில் ஆர்சனல் நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்று பேக் ஆக்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்ளும் முறை அது. எதிராளி உன்னைவிட வேகமாக இருந்து உன்னைத் தாண்டிவிட்டால் பின்னால் கேட்க நாதி இல்லை. ராப்பன் இங்கேதான் பிரிந்தார். நடு ஹாஃபை நடுவிலேயே விட்டுவிட்டு இரண்டு பக்கத்து ஹாஃப்களைப் பின்னுக்கு இறக்கினார். எதிரணியின் விங்கர்கள் இரண்டு பேரையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் பழைய இரண்டு பேக்குகளும் கோலுக்கு நேர் முன்னால், நடுவில், கைக்கு வேலையில்லாமல் மிஞ்சினார்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பந்து இடப்பக்கம் வந்தால் ஒருவர் பந்தை நோக்கிப் போவார், மற்றவர் அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நிற்பார். வலப்பக்கம் வந்தால் இவர் போவார், அவர் நிற்பார். எப்போதும் ஒரு ஆள் உபரி. கதவில் தாழ்ப்பாள் இப்படியும் அப்படியும் நகர்வது மாதிரி. பிரெஞ்சு மொழியில் தாழ்ப்பாளுக்கு 'வெரூ' என்று பெயர். ஆட்டமுறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சரி, கதவைப் பூட்டியாகிவிட்டது, கோல் எப்படி அடிப்பது? முன்னால் இருந்த ஐந்து ஃபார்வர்டுகளில் உள்பக்க ஆட்கள் இருவரும் எதிரணியிடம் பந்து இருக்கும்போது கீழே இறங்கி உதவ வேண்டும். மிச்சம் மூன்று பேர் மேலேயே நிற்பார்கள். மைதானத்தின் நடுப்பகுதியை எதிரணிக்குத் தாரை வார்த்துவிட வேண்டியதுதான். அவர்களும் 'அடடா, இடம் கிடைக்கிறதே' என்று பந்தோடு மேலே மேலே ஏறி வருவார்கள், கோலுக்கு அருகே வந்ததும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். பந்து பிடுங்கப்பட்டதும் நேரே மேலே நிற்கும் மூவருக்கு. அங்கே எதிரணியின் மூன்று பேக், இவர்களுடைய மூன்று ஃபார்வர்ட். ஒற்றைக்கு ஒற்றை. அவர்களுக்கு உபரி ஆள் கிடையாது. பின்னால் ஒரு ஆள் கூடுதல், முன்னால் சரிக்குச் சரி. இந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த விலை நடு மைதானம். அங்கே அந்த நடு ஹாஃப் மட்டும் அனாதையாகத் திண்டாடுவார். உள்பக்க ஃபார்வர்டுகள் இரண்டு பேருக்கும் நாய் ஓட்டம்.

1937இல் ராப்பன் சுவிஸ் தேசிய அணிக்கும் பயிற்சியாளரானார். மறு வருடம் பிரான்சில் உலகக் கோப்பை.

இந்த இடத்தில் பந்தை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து அந்த நாட்டையே ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டது. சுவிட்சர்லாந்துக்கு வடக்கே ஏற்கெனவே ஜெர்மனி. இப்போது கிழக்கேயும் அதே கொடி. ராப்பனுக்கோ பிறந்த நாடே இல்லாமல் போனது. ஆஸ்திரியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த அணி. அது கலைக்கப்பட்டு அதன் ஆட்டக்காரர்கள் ஜெர்மன் அணியில் சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்திரியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் மத்தியாஸ் சிண்டெலார் மட்டும் ஜெர்மனிக்கு ஆட வரவில்லை. (1939 ஜனவரியில் அவர் இறந்து கிடந்தார். அது தனிக் கதை.)

ஜெர்மன் பயிற்சியாளர் ஜெப் ஹெர்பெர்கருக்கு மேலிடத்து உத்தரவு: இரண்டு ஊர்க்காரர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் ஆட வேண்டும். உத்தரவு போட்டவர்களுக்குப் பந்தாட்டம் தெரியாது. வியன்னாக்காரர்கள் ஆடுவது தரைப் பாஸ், நிதானம். ஜெர்மன்காரர்கள் ஆடுவது மூன்று பேக் முறை, உடல் பலம், வேகம். சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறச் சொன்ன கதைதான். கலப்பதற்கு அவருக்குக் கிடைத்தது சில வாரங்களே.

மறுபக்கம் என்ன நடந்தது? மே 14, 1938 அன்று இங்கிலாந்து பெர்லினுக்குப் போய் ஜெர்மனியை 6-3 என்று அடித்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, மே 21 அன்று, அதே இங்கிலாந்து ஜூரிக்குக்கு வந்தது. சுவிட்சர்லாந்து 2-1 என்று ஜெயித்தது! தாழ்ப்பாள் வேலை செய்கிறது என்று அன்றைக்கே பலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 4, பாரிஸ். உலகக் கோப்பையின் முதல் ஆட்டமே ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும். அப்போது குரூப் கிடையாது, தோற்றால் வீட்டுக்கு. ஜெர்மன் அணியின் பதினோரு பேரில் ஐந்து பேர் ஆஸ்திரியர்கள். நாஜி சல்யூட் அடித்த அணியை பாரிஸ் ரசிகர்கள் கூச்சல் போட்டு, கையில் கிடைத்ததை வீசி வரவேற்றார்கள். ஜெர்மனிக்கு கவ்ஹெல் ஒரு கோல், இடைவேளைக்குச் சற்று முன் ஆண்ட்ரே அபெக்லென் பதிலுக்கு ஒரு கோல். 1-1. கூடுதல் நேரத்தில் ஆஸ்திரியரான பெசர் வெளியேற்றப்பட்டார். பெனால்டி ஷூட் அவுட் எல்லாம் அப்போது கிடையாது. ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம்.

ஜூன் 9, அதே மைதானம். ஹெர்பெர்கர் ஆறு பேரை மாற்றிப் பார்த்தார். சுவிஸ் தரப்பில் மினெல்லியும் லேமனும் நடுவில் நகரும் தாழ்ப்பாள்கள். பக்கங்களில் ஸ்ப்ரிங்கர், லோர்ட்ஷர். நடுவில் அனாதை வேலைக்கு வெர்னாட்டி. 8ஆவது நிமிடத்தில் ஹானெமன் அடித்த கோல். இவர் வியன்னாக்காரர், ராப்பனின் ஊர்! 22ஆவது நிமிடத்தில் லோர்ட்ஷர் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். 0-2. போதாக்குறைக்கு ஏபி அடிபட்டு வெளியே. மாற்று ஆட்டக்காரர் என்ற சலுகையும் அப்போது இல்லை, ஆகவே கொஞ்ச நேரம் பத்துப் பேர்.

தாழ்ப்பாள் ஆட்டம் ஆடுகிற அணிக்கு இதைவிட மோசமான நிலைமை இருக்க முடியாது. எதிரி மேலே ஏறி வந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். இரண்டு கோல் முன்னால் இருப்பவன் ஏன் ஏறி வர வேண்டும்? நான் ராப்பனின் இடத்தில் இருந்தால் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாரையும் முன்னால் ஓடச் சொல்லியிருப்பேன். அவர்கள் அப்படிச் சிதறவில்லை. 42ஆவது நிமிடத்தில் வலாஷெக் ஒரு கோல் அடித்தார். அடிபட்ட ஏபியும் திரும்பி வந்து ஆடினார். 64ஆவது நிமிடத்தில் பிக்கெல் சமன் செய்தார். ஒட்டுப்போட்ட ஜெர்மன் அணியில் இப்போது யார் எதற்கு ஓடுவது என்ற குழப்பம். 75, 78 ஆகிய நிமிடங்களில் அபெக்லென் அடுத்தடுத்து இரண்டு. 4-2.

உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அடுத்த தடவை வர எண்பது வருடம் ஆனது, 2018இல் ரஷ்யாவில். அதற்குள் நடுவில் நாலு கோப்பை வாங்கிவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் அன்றைக்கு மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஆச்சரியமே இல்லை. இரண்டு பக்கமும் பெரியண்ணன் வந்து நிற்கும்போது, நாளைக்கு நம் கதி என்ன என்று தெரியாத ஒரு சின்ன நாடு, பெரியண்ணனின் அணியை நாலு கோல் அடித்து அனுப்பியிருக்கிறது. பந்தாட்டத்தால் படை நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

மூன்றே நாளில் அடுத்த ஆட்டம், லில் நகரில் ஹங்கேரியோடு. கேப்டன் மினெல்லி இல்லை, ஏபியும் இல்லை. 210 நிமிடம் ஆடிய கால்கள். 0-2 என்று தோற்று ஊர் திரும்பினார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் 1954 இருக்கிறதே!

அந்த வருடம் உலகக் கோப்பை சுவிட்சர்லாந்திலேயே. பயிற்சியாளர் மறுபடி ராப்பன். முதல் சுற்றில் இத்தாலியை 2-1 என்று ஜெயித்து, பிறகு இங்கிலாந்திடம் தோற்று, மறுபடி இத்தாலியோடு ஆடவேண்டி வந்தபோது 4-1 என்று ஜெயித்தார்கள். காலிறுதியில் வந்து நின்றது ஆஸ்திரியா. ஆமாம், போர் முடிந்து மறுபடி தனி நாடாகக் களம் இறங்கிய ஆஸ்திரியா. பிறந்த வீட்டோடு மோதல்.

ஜூன் 26, லோசான். நாற்பது டிகிரியை ஒட்டிய வெயில் என்கிறார்கள். நமக்கு அது சாதாரண சித்திரை. அவர்களுக்குத் தாங்குமா? ஆஸ்திரிய கோல் கீப்பர் ஷ்மீடுக்கு வெயில் தாக்கி ஆள் தள்ளாடினார். 19 நிமிடத்துக்குள் சுவிஸ் 3-0. ஊரே பைத்தியமாகியிருக்கும். பிறகு 25ஆவது நிமிடம் தொடங்கி மூன்றே நிமிடத்தில் ஆஸ்திரியா மூன்று கோல். இடைவேளையில் ஆஸ்திரியா 5-4. கடைசியில் 7-5. ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு கோல், 2022 உலகக் கோப்பை வரை அந்தச் சாதனை அப்படியே இருந்தது. தற்காப்பு ஆட்டத்தின் பிதாமகர் என்று பெயர் வாங்கியவரின் அணி வாங்கிய கோல் ஏழு!

என்ன ஆயிற்று தாழ்ப்பாளுக்கு? என் கணிப்பைச் சொல்கிறேன். தாழ்ப்பாள் முறை என்பது பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நகர்வது. உள்பக்க ஃபார்வர்ட் திரும்பி ஓடி வரவில்லை என்றால் நடு ஹாஃப் தனியாள். நடு ஹாஃப் தாண்டப்பட்டால் பின்னால் நகர வேண்டியவர் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நிற்பார். வெயிலில் முதலில் போவது கால் இல்லை, இந்தப் பார்வைதான். திறமையான ஆட்டக்காரன் களைத்தாலும் ஒரு நொடி வித்தை காட்டுவான். திட்டத்தை நம்பி ஆடுகிறவன் களைத்தால் திட்டமே போய்விடும். சுமாரான பதினோரு பேரை வைத்துக் கணக்குப் போட்ட ராப்பனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் 3-0 என்று முன்னால் இருக்கும்போது 'இனி நிதானம்' என்று சொன்னால் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவே யார் காதில் விழும்?

அவர் அதற்கப்புறமும் விடவில்லை. 1962 உலகக் கோப்பைக்கும் அணியைச் சிலிக்கு அழைத்துப் போனார். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி.

வேடிக்கை என்னவென்றால் 1954இல் இந்த முறையிடம் இரண்டு தடவை உதை வாங்கிய இத்தாலிதான் இதற்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இத்தாலியின் சின்ன கிளப்புகளில் 1940களிலேயே இதன் உறவுமுறை ஒன்று முளைத்திருந்தது. நெரெயோ ரோக்கோ என்பவர் துரியெஸ்தினா என்ற ஏழை கிளப்பை இப்படி ஆடவைத்து 1947-48இல் இத்தாலிய லீக்கில் இரண்டாம் இடம்வரை கொண்டுவந்தார். அங்கே பெயர் 'கடெனாச்சியோ'. அதற்கும் அர்த்தம் தாழ்ப்பாள்தான். ஏழைகளின் தந்திரமாக இருந்ததை 1960களில் பணக்கார கிளப்பான இன்டர் மிலான் எடுத்துக்கொண்டு 1964, 1965 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியது. ஊர் திட்ட ஆரம்பித்தது அப்போதுதான். நியாயம்தானே. வீட்டில் ஒன்றுமில்லாதவன் கதவைப் பூட்டினால் பாவம் என்போம், பணக்காரன் பூட்டினால் கஞ்சன் என்போம்.

தேசிய அணி என்று பார்த்தால் ராப்பனுக்கு நேர் வாரிசு 2004 கிரீஸ் என்பேன். அங்கேயும் பயிற்சியாளர் வெளியூர்க்காரர், ஜெர்மனியின் ஓட்டோ ரெஹாகெல். அதுவரை பெரிய போட்டி எதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத நாடு அது. டெல்லாஸ் என்ற நெடுமரத்தைப் பின்னால் உபரி ஆளாக நிறுத்தி, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று பிரான்ஸ், செக், போர்ச்சுகல் மூவரையும் வரிசையாக 1-0, 1-0, 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியவை. இறுதி ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கார்னர், அதில்தான் கோல். தாதா மாதிரி ஆட்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சுவிஸ்காரர்கள் ராப்பனின் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் குணம் தங்கிவிட்டதோ என்று தோன்றும். 2006 உலகக் கோப்பையில் பிரான்சோடு 0-0, டோகோவோடு 2-0, தென் கொரியாவோடு 2-0, உக்ரைனோடு 0-0. கடைசி ஆட்டத்தில் பெனால்டி ஷூட் அவுட்டில் அடித்த மூன்றையும் கோட்டைவிட்டு வெளியே போனார்கள். ஆட்ட நேரத்தில் ஒரு கோலும் வாங்காமல் தோற்று வெளியேறிய அணி!

அப்புறம் அந்த 2010. ஸ்பெயினை ஜெயித்தவர்கள் அடுத்து சிலியோடு ஆடினார்கள். அரை மணி நேரத்தில் பெஹ்ராமி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, பத்துப் பேரோடு 75ஆவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தார்கள். 1994இலிருந்து கணக்குப் போட்டால் உலகக் கோப்பையில் 559 நிமிடம் கோல் வாங்கவில்லை, அது சாதனை. அப்புறம் சிலி அடித்துவிட்டது.

ஜூன் 25, கடைசி குரூப் ஆட்டம், ஹோண்டுராஸோடு. நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு. தாதா பக்கத்து அறையில் ஸ்பெயின், சிலி ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஆட்டத்தைப் பார்க்க மிஞ்சியது நானும் என் மகனும்தான். சுவிஸ் அடுத்த சுற்றுக்குப் போக அன்றைக்கு இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. எதிரணிக்கு ஏறி வரவேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. இவர்கள்தான் ஏற வேண்டும், இவர்கள்தான் திறக்க வேண்டும். பந்து கிடைத்தது, நேரம் கிடைத்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. பையன் இடைவேளைக்குப் பிறகு என் தோளிலேயே தூங்கிவிட்டான். 0-0. காலையில் பல் தேய்த்துக்கொண்டே "எத்தனை கோல்பா?" என்றான். சொன்னேன். அந்தப் போட்டி முழுவதிலும் சுவிட்சர்லாந்து அடித்தது, அவன் கேள்வி கேட்ட அன்றைக்கு அடித்த அந்த ஒரே கோல்தான். கோப்பையை வாங்கியது ஸ்பெயின்.